வலது கை, இடது கண்: ஏர் பிஸ்டல் ஷாட் இடப்பக்கம் போறது கண்ணாலயா?

திருவட்டாறு அப்பா | 02.08.2024, இரவு 9.10

மகளுக்கு 13 வயசு. எழுதுறது, எறியுறது எல்லாம் வலது கை. ரெண்டு கையையும் நீட்டி ஓட்டை வச்சுப் பாத்தா டாமினன்ட் கண் (மூளை முதல்ல நம்புற கண்) இடது. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுறா. ஷாட் முழுக்க 7, 8 வளையத்துல (நடு வளையம்தான் 10), இடப்பக்கம், கொஞ்சம் கீழ. ஒரு ஆள் இடது கண்ணை மூடிட்டு அடின்னு சொல்லுகாவ. இன்னொரு ஆள் பிஸ்டலையே இடது கைக்கு மாத்தச் சொல்லுகாவ. தப்பான கண்ணு பாக்குறதாலதான் இடப்பக்கம் போவுதுங்கது என் கணக்கு. ரெண்டுல எது சரி?

வேளிமலை | 02.08.2024, இரவு 10.45

ரெண்டும் வேண்டாம். உங்க கணக்கும் சரியில்ல.

பிஸ்டல்ல குறி பாக்க பின்பக்கம் ஒரு காடி, குழல் நுனியில ஒரு முனை, அதாவது பின்சைட், முன்சைட்னு ரெண்டு இருக்கு. அது ரெண்டையும் ஒரே நேர்ல நிறுத்துற கண்தான் குறி பாக்குற கண். இடதோ வலதோ, சைட் நேரா நின்னா பெல்லட் (ஏர் பிஸ்டல் குண்டு) நேரா போகும். சரி, நடுவுல கண் மாறிடுச்சுன்னே வைப்போம். பிள்ளைக்கு ரெண்டு கண்ணுக்கும் இடையில 60 மி.மீ., கண்ணுல இருந்து முன்சைட் 90 செ.மீ., இலக்கு 10 மீட்டர். முன்சைட்டைக் கூர்ந்து பாக்கும்போது இலக்கு ரெண்டாத் தெரியும். தப்பான இலக்குல சைட்டை வச்சு அடிச்சா விலகல் 60 × 9.1 ÷ 0.9, ஏறக்குறைய 60 செ.மீ. இலக்கு அட்டையோட அகலமே 17 செ.மீ.தான். அந்த ஷாட் அட்டையிலயே விழாது, பக்கத்து லேன் பக்கம் போயிரும்.

7வது வளையத்தோட வெளி விளிம்பு நடுவுல இருந்து 3 செ.மீ. கண் மாறுனா 3 செ.மீ. மட்டும் மரியாதையா நகராது. இது விரலாக்கும்.

வேளிமலை | 02.08.2024, இரவு 11.20

விரல்னு சொல்லிட்டு விட்டா எப்படி. ஏர் பிஸ்டல்ல முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையில 36 செ.மீ. போல வரும். முன்சைட் 1 மி.மீ. இடப்பக்கம் ஒதுங்கினா 10 மீட்டர்ல 28 மி.மீ. இடப்பக்கம். பத்து ஏழாயிரும். அந்த 1 மி.மீ. ட்ரிக்கர் விடுபடுற நொடியில நடக்கும், அடிக்கிற ஆளுக்குத் தெரியவே தெரியாது.

வலது கைக்காரங்களுக்கு வழக்கமா ரெண்டு காரணம். ஒண்ணு, விரல் ட்ரிக்கரை நேர் பின்னால இழுக்காம பக்கவாட்டுல தள்ளுறது. முதல் கணுவோட சதை நடுவுல ட்ரிக்கர் உக்காரணும், விரலோட மற்ற பாகம் பிடியைத் தொடக் கூடாது. இன்னொண்ணு, விரல் இழுக்கும்போது மத்த மூணு விரலும் சேர்ந்து இறுகுறது. அப்போ பிஸ்டலோட மூக்கு கீழயும் இடப்பக்கமும் போகும். உங்க பிள்ளைக்கு "இடப்பக்கம், கொஞ்சம் கீழ"ன்னு எழுதியிருக்கீங்க. அப்படியே பொருந்துது.

ட்ரிக்கர் எடை விதிப்படி குறைஞ்சது 500 கிராம். கிளப் பிஸ்டல்ல அதுக்கு மேல எவ்வளவு ஏறியிருக்குன்னு எடை தொங்க விட்டுப் பாருங்க. 13 வயசுக் கைக்கு 700, 800 கிராம் இருந்தா இறுக்கத்தான் செய்யும்.

முட்டம் காத்து | 03.08.2024, காலை 7.02

மூணு நாலு நாள் முன்னாடிதானே பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல துருக்கிக்காரர் யூசுஃப் டிகேச் ஒரு கையைப் பாக்கெட்டுல விட்டுட்டு, ரெண்டு கண்ணையும் திறந்து வச்சு வெள்ளி வாங்கினாரு. இவ்வளவு கணக்கு எதுக்கு மக்கா? ரெண்டு கண்ணையும் திறந்து அடிக்கச் சொல்லுங்க.

வேளிமலை | 03.08.2024, காலை 8.15

திறந்து அடிக்கலாம், அது நல்லதும்கூட. ஆனா அவருக்குப் பழக்கத்துல ஒரு படம் மட்டும்தான் மூளை எடுக்கும். புதுப் பிள்ளைக்கு ரெண்டு படம் வரும், அதுல எதை எடுக்கணும்னு யாராவது சொல்லித் தரணும். யாரும் சொல்லித் தர்றதில்ல.

சொல்லிடுறேன். கூர்மை முன்சைட்டுல இருக்கும்போது இலக்கு ரெண்டாப் பிரியும். அதுல இடப்பக்க இலக்கு இடது கண்ணோடது, வலப்பக்க இலக்கு வலது கண்ணோடது. இடது கண்ணால குறி பாக்குறவ இடப்பக்கத்து இலக்கை எடுக்கணும். கூர்மை இலக்குக்குப் போயிட்டா தலைகீழ்: பிஸ்டல் ரெண்டாத் தெரியும், இடது கண்ணோட பிஸ்டல் வலப்பக்கம் நிக்கும். சந்தேகம் வந்தா ஒரு கண்ணை ஒரு நொடி மூடிப் பாக்கட்டும், எந்தப் படம் மறையுதோ அது அந்தக் கண்ணோடது.

ஒரு கண்ணை இறுக்கி மூடுறதுல என்ன கோளாறுன்னா, மூடுற கண்ணோட தசை திறந்த கண்ணையும் சேத்து இழுக்கும். போட்டின்னா 60 ஷாட், 1 மணி 15 நிமிஷம். பாதிக்கு மேல முகமே நடுங்கும்.

திருவட்டாறு அப்பா | 03.08.2024, மதியம் 1.30

அப்போ மூடாம எப்படி மறைக்கிறது? கறுப்புத் துணி கட்டலாமா?

வேளிமலை | 03.08.2024, மாலை 6.40

கறுப்பு வேண்டாம். ஒரு கண்ணை இருட்டாக்கினா ரெண்டு கண்ணோட பாப்பாவும் விரியும். பாப்பா விரிஞ்சா கூர்மையோட ஆழம் குறையும், முன்சைட் தெளிவா இருக்கும்போது இலக்கு இன்னும் கலங்கும். வெளிச்சம் உள்ள வரணும், உருவம் வரக் கூடாது. அவ்வளவுதான் தேவை.

ஸ்டேஷனரி கடையில கிடைக்கிற பால் நிற பிளாஸ்டிக் ஃபைல் கவர் போதும். 30 மி.மீ. அகலத்துல ஒரு பட்டை வெட்டி தொப்பி விளிம்புல கிளிப் போட்டுத் தொங்க விடுங்க. போட்டி விதியில முன் மறைப்புக்கு 30 மி.மீ. தான் உச்சம், அதனால வீட்டுலயும் அதே அளவுல பழகுறது நல்லது. இமை முடி இடிக்காத தூரத்துல நிக்கணும், இடிச்சா பிள்ளை கண்ணைச் சிமிட்டிட்டே இருக்கும்.

ஆனா எந்தக் கண்ணை மறைக்கிறதுன்னு முடிவு பண்ணாம பட்டையை வெட்டாதீங்க. பிஸ்டல்ல மறைக்க வேண்டியது வலது கண்ணை. டாமினன்ட் கண்ணோட சண்டை போட வேண்டிய அவசியமே இங்க இல்ல, இடது கண்ணால குறி பாக்கட்டும், வலது கையில பிடிக்கட்டும்.

பரளியாறு | 04.08.2024, காலை 6.50

வலது கையை நீட்டி இடது கண்ணால பாத்தா மூக்கு குறுக்க வராதா?

வேளிமலை | 04.08.2024, காலை 9.30

வரும். இதுதான் விஷயமே.

பக்கவாட்டு நிலையில, அதாவது வலது தோளை இலக்குக்கு நேரா வச்சு நின்னா, தலையை 80, 90 பாகை திருப்பணும். அதுலயும் இடது கண் மூக்குத் தண்டுக்கு மேல எட்டிப் பாக்கும். கண் ஓரத்தால பாக்குறது மங்கலாத்தான் இருக்கும், கழுத்தும் போயிரும். கண்ணாடி போடுற பிள்ளைன்னா லென்ஸோட ஓரத்து வழியா பாத்து இன்னும் கெடும்.

அதனால நெஞ்சை இலக்குப் பக்கம் திறக்கணும். பாதம் ரெண்டையும் சேத்துப் போடுற கோடு இலக்குக் கோட்டுக்குச் சுமார் 45 பாகை வரைக்கும் திரும்பலாம். ஒரே நாள்ல திருப்பாதீங்க. பிஸ்டல் இல்லாம கட்டை விரலை நீட்டி, கண்ணை மூடி, கையைத் தூக்கி, கண்ணைத் திறந்து பாருங்க. விரல் இலக்குக்கு இடப்பக்கம் நின்னா பின்கால வலப்பக்கம் நகர்த்தாம முழு உடம்பையும் சேத்து வலப்பக்கம் திருப்பணும். கையால இழுத்துச் சரி பண்ணக் கூடாது.

திறந்த நிலைக்கு ஒரு விலை உண்டு. கை தோளோட நேர்ல இருக்காது, உள்பக்கம் சாய்ஞ்சு நிக்கும். தோளோட முன்தசை சுமை தாங்கும், பக்கவாட்டு ஆட்டம் கூடும். கூடவே முன்கை இடப்பக்கமா வரும், பிஸ்டலோ நேரா நிக்கணும். அப்போ பிள்ளை மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமா மடக்கும். மடக்கின மணிக்கட்டு ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி மடங்கும். அதுக்கு மருந்து பிடியில இருக்கு, அப்புறம் எழுதுறேன்.

முட்டம் காத்து | 04.08.2024, இரவு 8.05

கவட்டை அடிக்கிற பயலுவ இதையெல்லாம் யோசிச்சா மாங்காய் விழுமா? 😀 பிள்ளைக்குப் பயிற்சிக்குத் தேரூர் குளத்துக்கே கூட்டிட்டுப் போங்க, ஆடுற குறி நிறைய நிக்குது.

வேளிமலை | 04.08.2024, இரவு 8.31

விளையாட்டுக்குக்கூட எழுதாதீங்க. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022ல ராம்சார் பட்டியலுக்கு (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட பட்டியல்) போயாச்சு. பறவையை ஏர்கன்னால அடிச்சாலும் 1972 வனவிலங்குச் சட்டம் பாயும். 4.5 மி.மீ. ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம்ங்கறது பறவை அடிக்க அனுமதி இல்ல.

பரளியாறு | 06.08.2024, காலை 7.20

ரைபிளுக்கும் இதே கதைதானா? என்சிசி பிள்ளைங்க ரெண்டு மூணு பேர் இதே மாதிரி. .22 ரைபிள், படுத்து அடிக்கிறது. வலது தோள், இடது கண்ணு.

வேளிமலை | 06.08.2024, காலை 10.10

இல்ல. ரைபிள் வேற கதை. பிஸ்டல் கை நீளத்துக்கு வெளிய இருக்கு, எந்தக் கண்ணுக்கும் கொண்டு போகலாம். ரைபிள்ல பின்பக்கக் கட்டை கன்னத்தோட ஒட்டியிருக்கு. வலது தோள்ல வச்சா வலது கண் மட்டும்தான் சைட்டுக்குப் பின்னால வரும். இடது கண்ணைக் கொண்டு வரணும்னா கழுத்தை கட்டைக்கு மேல மடக்கணும், ரைபிளும் சரியும். சரிஞ்ச ரைபிள் சரிஞ்ச பக்கமும் கீழயும் அடிக்கும். அந்தப் பிள்ளைங்களோட குரூப் (ஷாட் விழுந்த கூட்டம்) விரிஞ்சிருந்தா முதல்ல முன்சைட் செங்குத்தா நிக்குதான்னு பின்னால நின்னு பாருங்க.

புதுசா தொடங்குற பிள்ளைன்னா தோளை மாத்துறது நல்லது. இடது தோள், இடது கண், ட்ரிக்கர் இடது கை. மேட்ச் ஏர் ரைபிள்ல இதுக்கு ரெண்டு தடைதான்: பிடி வலது கைக்குச் செதுக்கினது, கன்னப் பலகை ஒரு பக்கத்துக்குச் சாய்ஞ்சது. ரெண்டுமே இடது கைக்கு மாத்திப் போடக்கூடிய மாடல்கள் உண்டு, வாங்குறதுக்கு முன்னாடி கேளுங்க. .22ல ரவுண்டு ஏத்த இழுக்குற போல்ட் வலப்பக்கம் இருக்கும், படுத்த நிலையில இடது தோள்காரங்க ஒவ்வொரு ரவுண்டுக்கும் தாங்குற கையை எடுத்துப் போல்ட் இழுக்கணும், நிலை குலையும். அஞ்சு ரவுண்டு குரூப்புக்கு இது சிரமம். அதனால என்சிசிக்கு மட்டும்னா தோளை மாத்தாதீங்க, இடது கண்ணுக்கு மறைப்பு போடுங்க.

பல வருஷம் வலது தோள்ல அடிச்சவங்களுக்கும் மறைப்புதான். பின்சைட்டுல பொருத்துற தகடு 30 மி.மீ. உயரம், துவாரத்தோட நடுவுல இருந்து மறைக்கிற கண் பக்கமா 100 மி.மீ. வரை நீளலாம். வெள்ளை அல்லது பால் நிறம். துவார சைட்டுல வலது கண் ஒரு சின்ன வட்டம் மட்டும் பாக்குது, மங்கலா. இடது கண் முழு ஹாலையும் பளிச்சுனு பாக்குது. மூளை பளிச்சுனு இருக்கறதைத்தான் எடுக்கும். டாமினன்ட் வலதா இருக்கிறவங்களே மறைப்பு போடுறதுக்குக் காரணம் இதுதான்.

வேளிமலை | 06.08.2024, மதியம் 12.55

விட்டுப்போனது ஒண்ணு. வலது தோள்ல வச்சு இடது கண்ணால பாக்குறதுக்கு ப்ரிஸம் அல்லது கண்ணாடிக் கருவி சைட்டுல பொருத்த ஐஎஸ்எஸ்எஃப் (உலகத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதி இடம் தருது, உருப்பெருக்கம் இருக்கக் கூடாதுங்கறது நிபந்தனை. வலது தோள், வலது கண்காரங்க அதைப் போட முடியாது. வலது கண்ணுல பார்வை போனவங்களுக்கு இது உதவும். 13 வயசுக்குத் தேவையில்ல.

பத்மனாபபுரம் | 07.08.2024, இரவு 9.15

எனக்கு 48 வயசு, பிஸ்டல். பெரிய நம்பர் கண்ணாடி. டெஸ்ட் பண்ணினா ஒரு நாள் வலது, ஒரு நாள் இடது. எதை நம்பறது?

வேளிமலை | 07.08.2024, இரவு 10.30

டெஸ்ட்டை முதல்ல சரியா பண்ணுங்க. ஒத்தைக் கையால விரலை நீட்டிப் பாத்தா அந்தக் கை பக்கம் சாயும். ரெண்டு கையையும் முழுசா நீட்டி, நடுவுல 2, 3 செ.மீ. ஓட்டை விட்டு, மூணு மீட்டர்ல நிக்கிற ஆளோட மூக்கைப் பாருங்க. ஓட்டைக்குள்ள எந்தக் கண் தெரியுதுன்னு எதிர்ல நிக்கிற ஆள் சொல்லணும், நீங்க சொல்லக் கூடாது. பத்து தடவையில எட்டுக்கு மேல ஒரே கண்ணுன்னா அதுதான். அஞ்சு, ஆறுன்னா உங்களுக்கு அழுத்தமான டாமினன்ஸ் இல்ல, கைப் பக்கத்துக் கண்ணையே எடுத்துக்கிடுங்க.

இதுல ரெண்டு சிக்கல். பார்வையைப் பக்கவாட்டுல நல்லா திருப்பினா டாமினன்ஸ் மாறலாம். அதனால நேரா நின்னு ஒரு தடவை, துப்பாக்கி பிடிக்கிற நிலையில தலையைத் திருப்பி ஒரு தடவை பாக்கணும். இன்னொண்ணு, ஒரு கண்ணுல பவர் சரியா ஏறலைன்னா மூளை மத்ததுக்குப் போயிரும். கண் டாக்டர்கிட்ட ஒவ்வொரு கண்ணையும் தனியா பாக்கச் சொல்லுங்க, அதுக்குப் பிறகு டெஸ்ட்.

48 வயசுக்கு முன்சைட் மங்கும். தூரப் பார்வை பவரோட +0.50 அல்லது +0.75 கூட்டிச் சுடுறதுக்குன்னு தனி லென்ஸ் போடுவாங்க. லென்ஸ் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தா நிக்கணும். பைஃபோகல் போட்டுக்கிட்டு வராதீங்க.

கொல்லங்கோடு | 09.08.2024, மாலை 5.45

வீட்டு வராந்தாவுல 33 அடி இருக்கு. குண்டு தாங்க ரப்பர் ஷீட் நாலஞ்சு அடுக்கித் தொங்க விட்டா போதுமா? எங்க ஊருல அதுக்குப் பஞ்சமே இல்ல.

வேளிமலை | 09.08.2024, மாலை 6.20

வேண்டவே வேண்டாம். ரப்பர் பெல்லட்டைத் திருப்பி அனுப்பும், உங்க முகத்துக்கே. மரப்பெட்டி, உள்ள 3 மி.மீ. இரும்புத் தகடு 45 பாகை கீழ்நோக்கிச் சாய்ச்சு, அடியில மணல். அது முடியலைன்னா பழைய துணியை இறுக்கித் திணிச்ச பெட்டி, 15 செ.மீ.க்குக் குறையாம, துணி நைஞ்சா மாத்தணும். பெட்டிக்குப் பின்னால கதவோ நடைபாதையோ இருக்கக் கூடாது, கல் சுவர் இருக்கணும். அடிக்கிறவங்களும் பாக்குறவங்களும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி.

வராந்தா திறந்ததுன்னா ஆடி ஆவணிக் காத்துல 10 மீட்டர்லயும் கை ஆடும். பெல்லட்டைவிட ஆளைத்தான் காத்து தள்ளும். ஆரல்வாய்மொழிப் பக்கம் வீடுன்னா உள் ஹாலைத் தேடுங்க.

பரளியாறு | 10.08.2024, காலை 8.00

ஷாட்கன்னுக்கு?

வேளிமலை | 10.08.2024, காலை 9.12

அங்கதான் திருவட்டாறு அப்பாவோட முதல் கணக்கு பலிக்கும். ஷாட்கன்னுக்குப் பின்சைட்டே இல்ல, கண்தான் பின்சைட். வலது தோள்ல வச்சு இடது கண் முன்மணியை (குழல் நுனியில இருக்கற சின்ன மணி) பிடிச்சுட்டா குழல் இடப்பக்கம் நோக்கும். கண் இடைவெளி 63 மி.மீ., மணி வரைக்கும் 90 செ.மீ., இலக்கு 20 மீட்டர்னா விலகல் 1.3 மீட்டர். அங்க இலக்கா பறக்குற களிமண் தட்டு 11 செ.மீ. தான்.

வழக்கமான வைத்தியம், கண்ணாடியோட இடது லென்ஸ்ல 1 செ.மீ. போல பால் நிற டேப் வட்டம். துப்பாக்கியைத் தூக்கி நிறுத்தின நிலையில இடது கண் மணியை எந்த இடத்து வழியா பாக்குதோ அந்த இடத்துல ஒட்டணும், நடுவுல இல்ல. தட்டு கிளம்புறதைப் பாக்க ஓரப் பார்வை அப்படியே மிஞ்சும். நம்ம ஊர் ஈரத்துல டேப் சுருளும், ஒவ்வொரு நாளும் புதுசு போடுங்க. லைசென்ஸ் சமாச்சாரம் இங்க பேச வேண்டாம், தனி இழை போடுங்க.

திருவட்டாறு அப்பா | 17.08.2024, இரவு 9.40

ஃபைல் கவர் பட்டையை வலது கண்ணுக்குப் போட்டோம். பட்டையோட நாலு அட்டை, பட்டை இல்லாம நாலு அட்டை, மாத்தி மாத்தி, அட்டைக்கு அஞ்சு ஷாட். சைட்டைத் தொடல. ரெண்டுலயும் குரூப்போட நடு மாறல, அதே இடப்பக்கம் கீழ. ஆனா பட்டையோட அடிச்சப்போ குரூப் சுருங்கியிருக்கு.

வேளிமலை | 17.08.2024, இரவு 10.25

நடு நகரலைன்னா கண் இல்ல. குரூப் சுருங்கிச்சுன்னா கண்ணுக்கும் ஒரு பங்கு இருக்கு, அது சிதறல்ல மட்டும். ரெண்டையும் தனித்தனியா பாருங்க. பட்டை இருக்கட்டும். சைட்டை வலப்பக்கம் திருப்பி நடுவுக்குக் கொண்டு வரணும்னு கை அரிக்கும், திருப்பாதீங்க. விரல் சரியானதும் குரூப் வலப்பக்கம் ஓடிரும்.

இப்போ வெள்ளை அட்டை. அட்டையோட வளையம் இல்லாத பின்பக்கத்தைத் திருப்பி மாட்டி, பெல்லட் போடாம, ட்ரை ஃபயர்ல. பிள்ளை பாக்க வேண்டியது முன்சைட் மட்டும், ட்ரிக்கர் விடுபட்ட பிறகும் ரெண்டு நொடி. சைட் துள்ளுதா, எந்தப் பக்கம் துள்ளுதுன்னு பிள்ளையே சொல்லணும். துள்ளாம வந்த பிறகு வெள்ளை அட்டையில பெல்லட். அதுக்கப்புறம்தான் கறுப்பு.

வேளிமலை | 18.08.2024, காலை 7.35

பிடி பத்தி எழுதுறேன்னு சொன்னது. திறந்த நிலையில மணிக்கட்டு மடங்காம இருக்கணும்னா குழல், முன்கையோட ஒப்பிட்டா, கொஞ்சம் வலப்பக்கம் நோக்கணும். சில மேட்ச் பிஸ்டல்ல பிடியைக் கிடைமட்டமா திருப்புற திருகு உண்டு, அரை அரைச் சுத்தா திருப்புங்க. இல்லாததுக்கு எம்-சீல். கண்ணை மூடிட்டுப் பிஸ்டலைத் தூக்கித் திறக்கும்போது முன்சைட் பின்சைட் காடியில எந்தப் பக்கம் ஒட்டி நிக்குதுன்னு பாருங்க. இடப்பக்கம் ஒட்டுச்சுன்னா பிஸ்டல் மூக்கு இடப்பக்கம் நோக்குது. உள்ளங்கைக் குழி உக்காருற இடத்துல ஒரு மி.மீ. கூட்டி, விரல் நுனிப் பக்கத்துல அதே அளவு ராவி, காய்ஞ்சதும் மறுபடி பாருங்க. கிளப் பிஸ்டல்னா ராவுறதுக்கு முன்னாடி கேட்டுக்கிடுங்க. எம்-சீலுக்கு அடியில செலோ டேப் ஒட்டிட்டுப் போட்டா பிறகு பிச்சு எடுத்துடலாம். பிடி மணிக்கட்டைச் சுத்தக் கூடாது, முழு பிஸ்டலும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள்ள போகணும், சோதனையில மாட்டிக்காதீங்க.

திருவட்டாறு அப்பா | 18.08.2024, காலை 9.05

ட்ரிக்கர் எடை தொங்க விட்டுப் பாத்தோம். 500க்கு விடுபடல, 800க்குத்தான் விடுபடுது.

வேளிமலை | 18.08.2024, காலை 9.20

திருகைத் திருப்பி 550க்குக் கொண்டு வாங்க. 500ல சரியா வச்சா போட்டி மேசையில ஒரு தடவை தூக்கும், மறு தடவை தூக்காது. எடை தூக்கும்போது குழல் செங்குத்தா மேல நோக்கியிருக்கணும், கேஸ் (அழுத்தக் காத்து) ஏறின நிலையில பாக்கணும், பெல்லட் இல்லாம. இறக்கினதும் ஒரு வாரம் ட்ரை ஃபயர் மட்டும், இல்லைன்னா பிள்ளைக்கு ஷாட் முன்னாடியே போயிரும்.